கண்மாய்ல ஆராய்ச்சி பண்ண வெளிநாட்டு டீம் கேக்குறாங்க, ஊர் சார்பா நாங்க என்ன கேக்கணும்?

கல்லல்_பக்கம்

எல்லாருக்கும் வணக்கம். சிவகங்கை மாவட்டம் கல்லல் பக்கத்துல ஒரு சின்ன கிராமம் எங்களோடது, எங்க கண்மாய் ஆயக்கட்டு (கண்மாய் தண்ணி பாயுற நிலம்) சங்கத்துக்கு கணக்கு, கடுதாசி எழுதுற வேலை நான்தான் பாக்குறேன். ஒரு விஷயத்துல வெவரம் தெரிஞ்சவங்க யோசனை வேணும், கொஞ்சம் நீளமா இருக்கும் பொறுத்துக்கங்க.

போன மாசம் ஒரு இந்திய ஆராய்ச்சி நிறுவனத்துல இருந்து ரெண்டு பேரும் அவங்க கூட ஐரோப்பாவுல ஒரு யுனிவர்சிட்டில இருந்து ஒரு அம்மாவும் ஊருக்கு வந்தாங்க. மண்ணு, தண்ணி, மரம், பயிர், அடியில இருக்குற பாறை இதையெல்லாம் தனித்தனியா பாக்காம ஒண்ணா சேத்து பாத்து, நிலத்தோட மேல்தோல் இன்னும் எவ்வளவு காலம் நம்மள தாங்கும்னு தெரிஞ்சுக்குற ஆராய்ச்சியாம், பல நாட்டுல ஒரே முறைல அளக்குறாங்களாம். எங்க கண்மாய் உள்வாய்ல (கரைக்கு உள்ள தண்ணி தேங்குற எடம்) குழாய் இறக்கி வண்டல் எடுக்கணும், கொஞ்சம் கிணத்துல தண்ணி மட்டம் பதிவு பண்ற கருவி போடணும், வயல்ல மண் ஈரம் பாக்குற சென்சார் பொதைக்கணும், டிரோன் விடணும், மூணு வருஷத்துக்குன்னு கேக்குறாங்க.

ஊர்க்கூட்டத்துல ரெண்டு விதமா பேசுனாக. பெரியவங்க சொல்றது என்னன்னா முன்னாடி ஒரு டீம் வந்து வீடு வீடா கேள்வி கேட்டு கிணத்து தண்ணிய பாட்டில்ல புடிச்சுட்டு போனாக, அதுல என்ன இருந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எங்களுக்கு ஒரு தாள் வரல, எங்க தண்ணில என்ன இருக்குன்னு எங்களுக்கே தெரியாம எங்கயோ ஒரு புத்தகத்துல இருக்கு, மறுபடி எதுக்கு இந்த வேலைன்னு. எளவட்டம் எல்லாம் வரட்டும்னு சொல்றாங்க, ஏன்னா கண்மாய் நெறைஞ்ச வருஷத்துல கூட தைக்குள்ள வத்திப் போகுது, கிணறு எறங்கிக்கிட்டே போகுது, இதுக்கு காரணத்த யாராச்சும் கருவி வெச்சு சொன்னா நல்லதுதானேன்னு. ரெண்டுலயும் நியாயம் இருக்கு.

எனக்கு தெரிய வேண்டியது, எங்க கண்மாய் வண்டல் அவங்களுக்கு எதுக்கு? அதுல எங்களுக்கு ஆகப் போறது என்ன? சரின்னு சொல்றதா இருந்தா எதெல்லாம் எழுத்துல வாங்கிக்கணும்?

பாறையும்_நீரும்

அண்ணே, நான் நிலத்தடி நீர் ஆராய்ச்சில இருக்கேன், கர்நாடகா பக்கம் இந்த மாதிரி கூட்டு ப்ராஜெக்ட்டோட கொஞ்ச காலம் வேலை பாத்தேன், இப்ப காரைக்குடி. உங்க முதல் கேள்விக்கு பதில் சொல்றேன்.

கண்மாய் வண்டல்ங்கறது ஒரு பதிவு. ஒவ்வொரு மழைக்கும் நீர்ப்பிடில (மழைத்தண்ணி ஓடி வந்து சேர்ற நிலப்பரப்பு) இருந்து அரிச்சு வர்ற மண் மேல மேல படியுது, அந்த அடுக்க பிரிச்சுப் பாத்தா எந்த காலத்துல எவ்வளவு மண் அரிச்சுச்சு, என்ன மரம் இருந்துச்சு (மகரந்தத்த வெச்சு), எப்ப உரம் அதிகமாச்சு எல்லாம் தெரியும். வயச கணிக்க ஈயம்-210 பாப்பாங்க, அது 22 வருஷத்துக்கு ஒரு தடவ பாதியா குறையுறதால கடைசி நூத்துச் சொச்சம் வருஷ கணக்குக்கு சரியா வரும். சீசியம்-137ன்னு ஒண்ணு, அணுகுண்டு சோதனைல காத்துல கலந்தது, 1963 வாக்குல விழுந்தது உச்சம், அந்த அடுக்கு கெடைச்சா அது ஒரு தேதி முத்திரை, ஆனா பூமத்திய ரேகைக்கு பக்கத்துல இருக்குற நம்ம பக்கம் அது கம்மியாத்தான் விழுந்திருக்கு, அதுனால சிக்னல் மங்கலா இருக்கும். இத விட பழசுக்கு கார்பன்-14, அதுக்கு டெல்லி ஐ.யு.ஏ.சி., அகமதாபாத் பி.ஆர்.எல். ரெண்டு ஆராய்ச்சி நிறுவனத்துலயும் அத அளக்குற ஆக்சிலரேட்டர் மெஷினே இருக்கு, லக்னோ பீர்பல் சாஹ்னி நிறுவனமும் ரொம்ப காலமா பண்றாங்க. அதுனால எல்லா மண்ணையும் கப்பல் ஏத்தித்தான் ஆகணும்னு யாராச்சும் சொன்னா ஏன்னு கேளுங்க.

இதுல உங்க ஊர் ஆளுங்க இல்லாம நடக்கவே நடக்காத ஒரு காரியம் இருக்கு. 2017க்கு அப்புறம் குடிமராமத்துல (நீர்நிலைய சரிபண்ற அரசு திட்டம்) எத்தனையோ கண்மாய் தூர் வாரியாச்சு, அதுக்கு மேல வண்டல் அள்ளுறதும் நடக்குது. ஜேசிபி எறங்குன இடத்துல அடுக்கு கலைஞ்சு போச்சு, அங்க குழாய் எறக்குனா கெடைக்கிற கணக்கு முழுக்க தப்பு. எந்த எடத்துல வெட்டுனாங்க, எந்த மூலைய யாரும் தொடலன்னு சேட்டிலைட்ட பாத்து சொல்ல முடியாது, மாடு மேய்க்கிறவர் சொல்வார். இத உங்க பேச்சுவார்த்தைல முதல்ல வைங்க.

எதுக்கு உங்க பக்கம்னு கேட்டீங்க. சிவகங்கை மாவட்டத்துல மேற்க கெட்டிப் பாறை, கிழக்க மணற்பாறையும் களியும் படிஞ்ச நிலம், அதுக்கு மேல நம்ம செம்புறாங்கல். பாறைப் பக்கம் கிணறு வெடிப்புல ஊறுற தண்ணிய நம்பி இருக்கு, படிவுப் பக்கம் ஆழத்துல நல்ல ஊத்து, காரைக்குடி சம்பை ஊத்து தண்ணி ருசிக்கு காரணமே அந்த மண்ணுதான். கொஞ்ச தூரத்துக்குள்ள இப்படி மாறுற நிலம் ஆராய்ச்சிக்காரங்களுக்கு ரொம்ப பெரிய விஷயம், ஒரே மழை, ஒரே வெயில், ஆனா நிலம் வேற, அப்ப எதுனால எது நடக்குதுன்னு பிரிச்சுப் பாக்கலாம்.

நான் பாத்த உதாரணம் சொல்றேன். பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி.யும் பிரெஞ்சுக்காரங்களும் சேந்து 2001ல தண்ணி ஆராய்ச்சிக்கு ஒரு கூட்டு மையம் ஆரம்பிச்சாங்க. பந்திப்பூர் காட்டுக்குள்ள முலெஹோளேன்னு 4 சதுர கிலோமீட்டர் சொச்சம் ஒரு ஓடை நீர்ப்பிடி, அங்க மனுஷ வேலை ஒண்ணும் கெடையாது. அதுக்கு வெளில குண்டுலுபேட்டை பக்கம் பெரம்பாடின்னு 84 சதுர கிலோமீட்டர், முழுக்க விவசாயம், மஞ்சள், சூரியகாந்தி, போர்வெல். காட்டையும் வயலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு வருஷக்கணக்கா அளந்ததால என்ன தெரிஞ்சுச்சுன்னா, பெரம்பாடில போர் தண்ணி எறங்க எறங்க ஓடைக்கும் நிலத்தடி நீருக்கும் இருந்த தொடர்பு அறுந்து போச்சு, அப்புறம் எறைச்ச தண்ணி உரத்தோட மறுபடி கீழ எறங்கி, மறுபடி எறைச்சு, மறுபடி எறங்கி, ஒரே தண்ணி சுத்தி சுத்தி வந்து சில எடத்துல நைட்ரேட் ரொம்ப ஏறிப் போச்சு. ஒரு சீசன் வந்து பாட்டில்ல புடிச்சுட்டுப் போறவங்களுக்கு இது தெரியவே தெரியாது. இந்த மையம் சேந்திருக்குற ஆராய்ச்சி வலைப்பின்னல்ல லாவோஸ், வியட்நாம், கேமரூன்லயும் நீர்ப்பிடி இருக்கு, அதுனால இங்க பாத்தது இந்த ஊருக்கு மட்டும் உள்ளதா இல்ல சூடான நாடு எல்லாத்துக்கும் பொதுவான்னு ஒப்பிட முடியுது. கூட்டா செய்யுறதோட பலன் எனக்கு தெரிஞ்சு அங்கதான் இருக்கு.

புதுவயல்_முத்து

நான் நேரா கேக்குறேன், கோவிக்காதீங்க. நம்ம ஊர் கண்மாயப் பத்தி படிக்க வெளிநாட்டுக்காரன் எதுக்கு? காரைக்குடிக்கு ஆராய்ச்சி ஒண்ணும் புதுசு கெடையாது. அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் குடுத்து, 1948ல நேரு வந்து அடிக்கல் நாட்டி, 1953ல தொறந்த சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இங்கதான் இருக்கு, பக்கத்துலயே அழகப்பா யுனிவர்சிட்டி இருக்கு. இங்க படிச்ச பசங்க வேலை இல்லாம சுத்துறாங்க. அவங்களுக்கு கருவி வாங்கிக் குடுத்தா அளக்க மாட்டாங்களா? பேர் மட்டும் கூட்டு ஆராய்ச்சி, கட்டுரைல முதல் பேர் அவங்களோடது, கடைசில நன்றி சொல்ற வரில நம்மாளு. இததான் காலம் காலமா பாக்குறோம்.

பாறையும்_நீரும்

முத்து அண்ணே நீங்க சொல்றதுல பேர் விஷயம் முழுக்க நெஜம், அத நான் மறுக்கல. ஆனா தனியா செய்யலாமேங்கறதுல எனக்கு வேற கருத்து.

பூமிய மேல இருந்து பாக்குற கருவி எதையும் ஒரு ஊர், ஒரு மாநிலம் செய்ய முடியாது. கிரேஸ்னு ரெண்டு சேட்டிலைட், அமெரிக்காவும் ஜெர்மனியும் சேந்து 2002ல விட்டது. ரெண்டுக்கும் நடுவுல உள்ள தூரம் நூலளவு மாறுறத வெச்சு கீழ பூமியோட ஈர்ப்பு எங்க கூடுது எங்க குறையுதுன்னு கண்டுபிடிக்கும், நிலத்தடி தண்ணி குறைஞ்சா ஈர்ப்பும் குறையும்ல. அத வெச்சு 2009ல ஒரு கட்டுரை வந்துச்சு, ராஜஸ்தான் பஞ்சாப் ஹரியானால 2002ல இருந்து 2008க்குள்ள 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் போயிருச்சுன்னு, உலகமே திரும்பிப் பாத்துச்சு, எழுதின மூணு பேரும் அமெரிக்காவுல வேலை பாத்தவங்க. அதே வருஷம் அதே சேட்டிலைட் டேட்டாவ வெச்சு ஹைதராபாத் என்.ஜி.ஆர்.ஐ. (தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம்) விஞ்ஞானி வி.எம். திவாரி முதல் ஆசிரியரா, ரெண்டு அமெரிக்க விஞ்ஞானிங்களோட சேந்து இன்னொரு கட்டுரை எழுதினார், வடஇந்தியா பக்கத்து நாடு எல்லாம் சேத்து வருஷத்துக்கு 54 கன கிலோமீட்டர் வாக்குல குறையுதுன்னு. டேட்டா எல்லாருக்கும் தொறந்து இருந்ததால நம்மாளு முன்னால நின்னு எழுத முடிஞ்சுச்சு. அதுனால கதவ சாத்துறத விட முன் வரிசைல எடம் கேக்குறதுதான் சரின்னு நெனைக்கிறேன்.

ஆனா கிரேஸ் பாக்குறது நூத்துக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரே கணக்கு, உங்க கண்மாய் அதுல தெரியவே தெரியாது. இப்ப 2025 ஜூலை 30ந்தேதி ஸ்ரீஹரிகோட்டால இருந்து போன நைசார் வேற ரகம். நாசாவும் இஸ்ரோவும் சேந்து செஞ்சது, எல்-பேண்ட் ரேடார் அவங்களோடது, எஸ்-பேண்ட் ரேடார் நம்மளோடது, ராக்கெட்டும் நம்மளோடது, 12 மீட்டர் அகல ஆண்டெனா, 12 நாளைக்கு ஒருக்கா அதே பாதைல திரும்ப வரும், டேட்டா இலவசம். ரேடார்ங்கறதால மேகம் மறைக்காது. இது நமக்கு எவ்வளவு முக்கியம்னா, நம்ம கண்மாய்க்கு தண்ணி வர்றதே ஐப்பசி கார்த்திகை மழைல, அப்பத்தான் வானம் முழுக்க மேகம், சாதாரண சேட்டிலைட் போட்டோல கண்மாயே தெரியாது, மேகம் விலகி பாக்குறதுக்குள்ள பாதி கதை முடிஞ்சு போகும். எல்-பேண்ட் அலைநீளம் 24 சென்டிமீட்டர், அது இலை தழைய ஓரளவு தாண்டி போகும், அதுனால சீமைக் கருவேலம் மூடிக் கெடக்குற உள்வாய்லயும் கீழ தண்ணி நிக்குதான்னு பாக்க வழி இருக்கு.

அங்கிருந்து பாத்து மண்ணு ஈரம் இவ்வளவுன்னு கணக்கு போட்டாலும் கீழ ஒருத்தர் நின்னு அளந்து சரின்னு சொன்னாத்தான் அந்த கணக்கு நிக்கும். செம்மண்ணுக்கு ஒரு மாதிரி, கரிசலுக்கு ஒரு மாதிரி. இந்த டீம் உங்க வயல்ல சென்சார் பொதைக்கணும்னு கேக்குறதே அதுக்காகத்தான் இருக்கும். சேட்டிலைட் தலைக்கு மேல போற அன்னைக்கு மண்ணு ஈரம் அளக்குற ஆளு உங்க ஊர்லயே இருக்கணும், அந்த வேலைக்கு சம்பளம் இருக்கணும். முத்து அண்ணே சொன்ன பசங்களுக்கு வேலை இங்க இருந்து ஆரம்பிக்கலாம்.

தேவகோட்டை_ஆச்சி

தம்பிகளா நான் ஜாக்ரபி டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவ. எல்லாரும் கருவி, சேட்டிலைட்னு பேசுறீக, நல்ல விஷயந்தான், ஆனா அளக்க வர்றவுகளுக்கு நம்ம நிலம் எப்படி அமைஞ்சிருக்குன்னு மொதல்ல தெரியணும்ல.

ஒரு கண்மாய மட்டும் தனியா அளந்தா ஒண்ணும் வெளங்காது. மேல் கண்மாய் நெறைஞ்சு கலுங்கு (உபரித் தண்ணி வழியுற எடம்) பாஞ்சாத்தான் அடுத்த கண்மாய்க்கு தண்ணி, அது நெறைஞ்சா அதுக்கு கீழ. மேல எங்கயாவது வரத்துக் கால்வாய்ல ஒருத்தர் வீட்டு மனை போட்டா கீழ நாலு ஊர் காயும். ஊருணி கதை இன்னும் வேற, குடிக்கிற தண்ணிங்கறதால அதுக்கு வர்ற நீர்ப்பிடி மண்ணுல ஆடு மாடு விடமாட்டாக, யாரும் அங்கிட்டு அசிங்கம் பண்ண மாட்டாக, செம்புறாங்கல்ல படி கட்டி சுத்தி அண்டை கட்டியிருப்பாக. எங்க ஐயா காலத்துல வீட்டு நடு முற்றத்துல விழுற மழைய அண்டாவுல புடிச்சு வருஷம் முழுக்க குடிச்சவுக இருக்காக. கூரை, முற்றம், ஊருணி, கண்மாய் எல்லாம் ஒரே மழையப் பங்கு போட்டுக்கிட்ட ஏற்பாடு, இத தனித்தனியா பிரிச்சு ஒரு டீம் வீடு பாக்க வருது, ஒரு டீம் மண்ணு பாக்க வருது. 2014ல இருந்து யுனெஸ்கோவோட உத்தேச பட்டியல்ல செட்டிநாட்டு ஊர்கள் இருக்கு, அதுல எல்லார் கண்ணும் வீட்டு மேலதான் போகுது, வீட்டு வாசல்ல இருக்குற ஊருணி வத்திப் போனா அந்த வீட்டுல யாரு குடியிருப்பா?

இன்னொண்ணு, இது எனக்கு ரொம்ப நாளா மனசுல உள்ளது. நீர்பாய்ச்சிங்க இருக்காகளே, மடை தொறக்குறது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணின்னு பாக்குறது, அவுகளுக்கு எந்த மழைக்கு எத்தனை நாள்ல கண்மாய் எவ்வளவு ஏறும்னு கைக்கணக்கா தெரியும். அவுக சொல்றத டீம் எழுதிக்கிட்டு போயி "லோக்கல் தகவல்"னு ஒரு வரில முடிச்சுருவாக. அது டேட்டா. சொன்னவுக பேரு கட்டுரைல வரணும், அதுக்கு கூலியும் குடுக்கணும். அப்புறம் அறிக்கை தமிழ்ல வரணும், ஊர் பொதுவுல படிச்சு காட்டணும், படிச்சு காட்டும்போது கேள்வி கேக்க நேரம் விடணும். எங்க பெரியவுக பர்மா மலேயாவுக்கு கொண்டுவிக்கப் (வியாபாரத்துக்கு) போன காலத்துல யாரு பணம் எவ்வளவு, யாருக்கு என்ன பங்குன்னு ஐந்தொகை (வரவு செலவு கணக்கு) எழுதி கையெழுத்து வாங்காம கப்பல் ஏற மாட்டாக, கடல் தாண்டி சேந்து வேலை பாக்குறதுன்னா அந்த ஒழுங்கு வேணும்.

முத்து, வெளிநாடுன்னா வெள்ளைக்காரன் மட்டுந்தானா? நம்ம ஏரி வரிசை மாதிரியே இலங்கைலயும் குளத்துக்கு கீழ குளம்னு அடுக்கா இருக்கு, அத எஃப்.ஏ.ஓ. (ஐ.நா.வோட உணவு விவசாய அமைப்பு) உலக அளவுல முக்கியமான விவசாய பாரம்பரியம்னு 2017ல சேத்திருக்கு. அதே வறண்ட நிலம், அதே வடகிழக்கு பருவமழை. அங்க உள்ளவுகளோட நம்ம ஊர்க்காரவுக நேரா பேசுற மாதிரி இந்த ப்ராஜெக்ட்ல ஒரு வழி வைக்க சொல்லுங்க. ஐரோப்பாக்காரவுக சொல்லிக் குடுக்குறது ஒரு விதம், ஒரே கஷ்டப்படுற ரெண்டு ஊர் பேசிக்கிறது வேற விதம்.

புதுவயல்_முத்து

ஆச்சி, இலங்கை விஷயம் எனக்கு தெரியாது, சொன்னதுக்கு நன்றி. அப்படி ஒரு வழி இருந்தா நான் எதுக்க மாட்டேன். ஒண்ணே ஒண்ணு சேத்துக்கங்க, தைலமரம் (யூகலிப்டஸ்). நம்ம பக்கமும் புதுக்கோட்டை பக்கமும் தைலமரக் காட்டால தண்ணி வரத்து போச்சுன்னு விவசாயிங்க எத்தனை வருஷமா கத்துறாங்க. மண்ணு ஈரம் அளக்குறவங்க தைலமரத்துக்கு கீழயும் ஒரு சென்சார் பொதைக்கட்டும், பக்கத்துல வெறும் புல் நிலத்துல ஒண்ணு. எங்க கேள்விக்கும் பதில் வேணும், அவங்க கொண்டு வர்ற கேள்விக்கு மட்டும் அளந்தா எப்படி?

பாறையும்_நீரும்

முத்து அண்ணே இது ரொம்ப நல்ல யோசனை, காடும் வயலும் பக்கத்துல வெச்சு அளந்தாங்கன்னு மேல சொன்னேன்ல அதே முறைதான். கேள்விய ஊர் வைக்கணும்ங்கறத எழுத்துலயே கேளுங்க. 2022ல கேப் டவுன்ல நடந்த உலக ஆராய்ச்சி நேர்மை மாநாட்டுல இருந்து வந்த அறிக்கை இததான் பேசுது, வசதி உள்ள நாட்டுக்காரங்க வசதி இல்லாத எடத்துல ஆராய்ச்சி பண்ணும்போது திட்டம் போடுற கட்டத்துல இருந்தே அங்க உள்ளவங்க சமமா இருக்கணும்னு. அந்த பேர சொல்லி கேட்டீங்கன்னா டீம்ல உள்ளவங்களுக்கு உடனே புரியும்.

திருமயம்_வக்கீல்

மூணாவது கேள்விக்கு வர்றேன். கல்லல் தம்பி, மொதல்ல ஒண்ணு தெளிவா வெச்சுக்கங்க, கண்மாய்ல குழாய் எறக்க அனுமதி குடுக்குற அதிகாரம் உங்க சங்கத்துக்கு கெடையாது. ஆயக்கட்டு 40 ஹெக்டேர், அதாவது 100 ஏக்கருக்கு மேல இருந்தா நீர்வளத் துறை கண்மாய், கம்மியா இருந்தா ஊராட்சி ஒன்றியம். அந்த அலுவலகத்து கடிதத்த டீம்தான் வாங்கிட்டு வரணும், அத பாக்காம மண்வெட்டி விழ விடாதீங்க. உங்க சம்மதத்த தனியா கிராமசபை தீர்மானமா போடுங்க, இப்ப மார்ச் 22 உலக தண்ணீர் தினத்துக்கும் நவம்பர் 1க்கும் கூட கிராமசபை உண்டு, தேதிக்காக ரொம்ப காத்திருக்க வேண்டாம். தனியார் கிணறு, வயல்னா அந்தந்த பட்டாதாரர் கையெழுத்து.

மண்ணு வெளிநாடு போறதுன்னா ரெண்டு விதமா பாக்கணும். வெறும் ரசாயன சோதனைக்கு போற மண்ணுன்னா அந்த நாட்டு தாவர தனிமைப்படுத்தல் சட்டப்படி அவங்க அனுமதி வாங்கணும், பெரும்பாலும் எந்த நாடும் மண்ண சும்மா உள்ள விடாது. ஆனா மண்ணுல உள்ள நுண்ணுயிர், டி.என்.ஏ. பாக்குறதா இருந்தா கதை வேற, 2002 உயிர்ப் பன்மைச் சட்டம் வருது. இந்தியர் அல்லாதவங்க நம்ம உயிர் வளத்த ஆராய்ச்சிக்கு எடுக்கணும்னா தேசிய பல்லுயிர் ஆணையத்தோட முன் அனுமதி வேணும், அந்த ஆணையம் நம்ம சென்னைலதான் இருக்கு. மத்திய அரசு ஒப்புதலோட விதிமுறைப்படி நடக்குற கூட்டு ஆராய்ச்சிக்கு அதே சட்டத்துல 5ஆவது பிரிவுல விலக்கும் இருக்கு. இவங்க எந்த வழில வர்றாங்க, அனுமதியா விலக்கா, அந்த தாள காட்ட சொல்லுங்க. சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சிலயும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கணும், உங்க ஊராட்சில பேருக்காவது இருக்கும், அத எழுப்புங்க, இந்த மாதிரி நேரத்துக்குத்தான் அது.

டிரோன் பத்தி. 2021 பிப்ரவரில வந்த புவியிட வழிகாட்டுதல்படி 1 மீட்டர விட நுணுக்கமான வரைபடத் தரவ இந்திய நிறுவனம்தான் உருவாக்கலாம், அது இந்தியாவுலதான் இருக்கணும். டிரோன் படம் சென்டிமீட்டர் கணக்குல இருக்கும். அதுனால இந்திய நிறுவனத்து பேர்ல, அவங்க பொறுப்புல பறக்கணும். இத சொன்னா கோவிச்சுக்குவாங்களோன்னு தயங்காதீங்க, நேர்மையா வர்றவங்களுக்கு இந்த விதி எல்லாம் ஏற்கெனவே தெரியும், தாள் கையிலயே வெச்சிருப்பாங்க.

ஒப்பந்தத்துல நான் இருந்தா சேக்குறது: ஒவ்வொரு கிணத்து ரிசல்ட்டும் அந்த கிணத்துக்காரருக்கு தமிழ்ல எழுத்தா வரணும், குடிக்கிற தண்ணில ஃப்ளூரைடு நைட்ரேட் மாதிரி ஏதாவது அளவுக்கு மேல இருந்தா கட்டுரை வர்ற வரைக்கும் காத்திருக்காம உடனே சொல்லணும். இந்த ரெண்டாவது விஷயத்துல விட்டுக் குடுக்கவே குடுக்காதீங்க, பிள்ளைங்க குடிக்கிற தண்ணி அது.

கல்லல்_பக்கம்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வெவரமா யாரும் எழுதுவீங்கன்னு நெனைக்கல. ஆச்சி சொன்னத நேத்து ராத்திரி எங்க நீர்பாய்ச்சிகிட்ட படிச்சு காட்டுனேன், கட்டுரைல பேர் வரும்னதும் அவர் சொன்ன முதல் வார்த்தை "அப்ப சரியா சொல்லணுமேப்பா". உள்வாய்ல வடக்கு மூலைல ஒரு எடம் யாரும் வெட்டாததுன்னும் அவரே சொன்னாரு.

தைலமரக் காட்டுக்கு கீழ சென்சார், மேல் கண்மாய் ரெண்டையும் சேத்து அளக்குறது, தமிழ்ல ரிசல்ட், தண்ணி சேதி உடனே, இலங்கைக்காரவுகளோட பேச ஒரு வழி, சேட்டிலைட் போற அன்னைக்கு அளக்க ஊர்ப் பிள்ளைங்களுக்கு சம்பளம், இதெல்லாம் தீர்மானத்துல எழுதிட்டேன். எங்க ஊர்ல ஒரு பொண்ணு அழகப்பா யுனிவர்சிட்டில எம்.எஸ்சி. படிக்குது, அதையும் டீம்ல சேக்கணும்னு கேக்கப் போறோம்.

ரெண்டு சந்தேகம் மிச்சம். மூணு வருஷம் முடிஞ்சதும் கருவிய கழட்டிட்டு போயிட்டா என்ன பண்றது? அப்புறம் அவங்க வர்றதுக்கு முன்னாடி நாங்களா ஏதாவது அளக்க ஆரம்பிக்க முடியுமா, ஐப்பசிய சும்மா விட மனசில்ல.

பாறையும்_நீரும்

மூணு வருஷம் ரொம்ப கம்மி அண்ணே. நம்ம பக்கம் ஒரு வருஷம் நல்ல மழை, ரெண்டு வருஷம் வறட்சி, மூணு வருஷத்துல நிலத்தோட குணம் முழுசா புடிபடாது. பண உதவி குடுக்குறவங்க மூணு வருஷம்னுதான் குடுப்பாங்க, அத டீம் மாத்த முடியாது, ஆனா கருவி முடிவுல யாருக்குன்னு இப்பவே எழுத முடியும். தண்ணி மட்டக் கருவி, மழைமானி ரெண்டும் ஊராட்சிக்கோ பக்கத்து காலேஜுக்கோ சொந்தமாகணும், பேட்டரி மாத்த, டேட்டா எறக்க முதல் வருஷத்துலயே உள்ளூர் ஆளுக்கு பழக்கி விடணும், டேட்டா ஒரு காப்பி யுனிவர்சிட்டில இருக்கணும். பழக்காம விட்டுட்டுப் போன கருவி அடுத்த மழைக்குள்ள செத்துரும், இத நான் பல எடத்துல பாத்திருக்கேன், அதுனால பயிற்சிக்கு பட்ஜெட்ல தனி வரி கேளுங்க.

நீங்களா ஆரம்பிக்க தாராளமா முடியும். ஐரோப்பிய கமிஷனோட ஆராய்ச்சி மையம் உலகம் முழுக்க நீர்நிலை மேப் ஒண்ணு இலவசமா வெச்சிருக்காங்க, லேண்ட்சாட் சேட்டிலைட் படத்த வெச்சு 1984ல இருந்து எந்த எடத்துல எவ்வளவு காலம் தண்ணி நின்னுச்சுன்னு காட்டும். ஒரு புள்ளி 30 மீட்டர்ங்கறதால ஊருணி தெரியாது, பெரிய கண்மாய் தெரியும், மேகத்தால மழைக்காலம் கொஞ்சம் விட்டுப் போயிருக்கும். அந்த எம்.எஸ்சி. பொண்ணுகிட்ட சொன்னா எடுத்து குடுக்கும், பெரியவங்ககிட்ட காட்டி இந்த வருஷம் நெறைஞ்சது நெஜமான்னு கேட்டு பக்கத்துல எழுதுங்க. டீம் வரும்போது உங்க கைல அவங்ககிட்ட இல்லாத ஒரு டேட்டா இருக்கும்.

அடுத்து ஒரு அளவுகோல். மடைக்கு பக்கத்துல சுவத்துல பெயின்ட்ல அடி, இஞ்ச் குறிச்சா போதும், தினம் காலைல ஒரே நேரத்துல பாத்து நோட்டுல எழுதணும், கூடவே மழை அளவு. பூஜ்யத்த கண்மாய் தரைல வெக்காதீங்க, வண்டல் படிஞ்சா தரை ஏறும், அள்ளுனா எறங்கும், எல்லா கணக்கும் மாறிப் போகும். மடையோட அடிக்கல் மட்டத்த பூஜ்யமா வைங்க, கலுங்கு உச்சி அதுல இருந்து எத்தனை அடில வருதுன்னு ஒரு ரசமட்டம் புடிச்சு பாத்து நோட்டோட முதல் பக்கத்துல எழுதிருங்க.

கல்லல்_பக்கம்

மடை அடிக்கல் இப்ப வெளிலதான் தெரியுது, தண்ணி இல்ல. ஞாயித்துக்கிழமை பசங்கள கூட்டிட்டுப் போயி குறிச்சுர்றோம். ரசமட்டம் எங்க கொத்தனார்கிட்ட இருக்கு.